பேக்ஸ்லாஷுக்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ்: சி மொழியில் வரி ஒட்டும் குறி

கொழிஞ்சை_பையன் · ஞாயிறு, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். ஊர் கொழிஞ்சாம்பாறை. கஞ்சிக்கோட்டில் ஒரு சின்ன யூனிட்டில் மோட்டார் ஸ்டார்ட்டர் போர்டுக்கு சி நிரல் எழுதும் வேலை. சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது.

சீனியர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு மேக்ரோ (பெயரைச் சொன்னால் அந்த இடத்தில் அப்படியே விரியும் நிரல் துண்டு) அனுப்பினார். அப்படியே எடுத்து ஒட்டினேன். வீட்டு லேப்டாப்பில் ஜிசிசி என்ற கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கருவி) ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டது. ஆபீஸில் இருக்கும் பழைய 8-பிட் கம்பைலர் மட்டும் ஏற்க மாட்டேன் என்கிறது. போனில் தமிழ் கீபோர்டில் அடிப்பதால் நிரலையும் தமிழிலேயே போடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

#டிஃபைன் நிறுத்து() \
    டூ { \
        ரிலே = 0; \
        சிவப்பு = 1; \
    } வைல் (0)

பிழை மூன்றாவது வரியில் என்கிறது. 'ரிலே'வுக்கு டைப் இல்லையாம். ரிலே என்ற மாறியை ஹெடர் ஃபைலில் ஒழுங்காகத்தான் அறிவித்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் முழுக்க அந்த ஹெடரையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாளைக்கு ஆபீஸ் போனால் சீனியர் கேட்பார். யாராவது சொல்லுங்கள்.

புளியரை_அண்ணாச்சி · இரவு 9:52

தம்பி, மூன்றாவது வரியை விடு. இரண்டாவது வரிக்குப் போ. 'டூ { \' இருக்கிறதல்லவா, அந்த வரியில் எண்ட் கீயை அழுத்து. கர்சர் பேக்ஸ்லாஷை ஒட்டி நிற்கிறதா, ஒரு எட்டு தள்ளி நிற்கிறதா, பார்த்துச் சொல்.

கொழிஞ்சை_பையன் · இரவு 10:05

தள்ளித்தான் நிற்கிறது அண்ணாச்சி! ஒரு ஸ்பேஸ். அதை அழித்தால் சரியாகிவிடுமா? ஆபீஸ் கம்பைலர் வீட்டில் இல்லை, நாளைக்குத்தான் தெரியும். ஆனால் பிழை ஏன் மூன்றாவது வரியில் காட்டியது? ஜிசிசி ஏன் வாய் திறக்கவில்லை?

அரைப்புள்ளி · இரவு 10:21

சரியாகிவிடும்.

சி-யில் மற்ற இடங்களில் வரி எங்கே முடிகிறது என்பதைப் பற்றிக் கம்பைலருக்குக் கவலையே இல்லை. ஒரு ஃபங்ஷன் அழைப்பை ஏழு வரியில் பரப்பினாலும் அரைப்புள்ளி வரும்வரை காத்திருக்கும். ஆனால் # போட்டுத் தொடங்கும் வரி அப்படி இல்லை. வரி முடிந்தால் கட்டளையும் முடிந்தது. அதனால்தான் அங்கே \ தேவைப்படுகிறது. பேக்ஸ்லாஷுக்கு அடுத்த எழுத்தே வரிமுறிவாக இருந்தால் இரண்டையும் தூக்கிவிட்டு அடுத்த வரியை இதோடு ஒட்டு என்பது விதி. நடுவில் ஒரு ஸ்பேஸ் வந்தால் அடுத்த எழுத்து வரிமுறிவு இல்லையே. ஆகவே உங்கள் மேக்ரோ இரண்டாவது வரியோடு முடிந்துவிட்டது. மூன்றாவது வரியிலிருந்து எல்லாம் எந்த ஃபங்ஷனுக்குள்ளும் இல்லாமல் வெளியே கிடக்கிறது. வெளியே கிடக்கும் 'ரிலே = 0;' என்பதை அது ஒரு அறிவிப்பாகப் படித்து, டைப் எங்கே என்று கேட்கிறது. இந்த மாதிரிப் பிழை வந்தால் காட்டும் வரிக்கு ஒரு வரி மேலே பாருங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

ஜிசிசி வாய் திறக்கவில்லை என்று சொல்லாதீர்கள். பேக்ஸ்லாஷும் வரிமுறிவும் ஸ்பேஸால் பிரிந்து கிடக்கின்றன என்று எச்சரிக்கை கொடுத்திருக்கும். கொடுத்துவிட்டு, இவர் ஒட்டத்தான் நினைத்திருப்பார் என்று தானே ஒட்டியும் விடும். பிழை இல்லாததால் நீங்கள் கீழே பார்த்திருக்க மாட்டீர்கள்.

கொழிஞ்சை_பையன் · இரவு 10:34

இப்போதுதான் மேலே தள்ளிப் பார்த்தேன். ஆமாம் சார், எச்சரிக்கை இருக்கிறது. அதோடு சேர்த்து இன்னும் நாற்பது எச்சரிக்கை இருக்கிறது...

தோப்பு_வேலந்தாவளம் · இரவு 11:15

அந்த நாற்பதையும் படிங்க தம்பி. படிக்காமல் விட்டு ஒரு மோட்டாரைச் சாம்பலாக்கின ஆள் நான்.

ஏழெட்டு வருஷம் முன்னால் கோயமுத்தூரில் ஒரு கம்பெனிக்கு போர்வெல் ஸ்டார்ட்டர் நிரல் எழுதிக்கொண்டிருந்தேன். சித்தூர் தாலூக்காவின் கிழக்குப் பக்கம் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். கேரளா என்று பேர்தான், மழை மறைவுப் பூமி. போரில் தண்ணீர் கீழே இறங்கிவிட்டால் மோட்டார் வெறுமனே சுற்றும். நீர்மூழ்கி மோட்டாருக்கு அந்தத் தண்ணீர்தான் சூட்டைத் தணிப்பது. தண்ணீர் இல்லாமல் சுற்றினால் லோடு குறைந்து கரண்டும் குறையும். அந்தக் குறைவைப் பார்த்து ரிலேயைக் கட் செய்வதுதான் டிரை-ரன் பாதுகாப்பு. நான் எழுதியது இதுதான், // என்று தொடங்குபவை கமென்ட், அதாவது நமக்காக எழுதும் குறிப்பு:

// சைன் அலை, உச்சியில் அளக்க வேண்டும்
//   /\      /\
//  /  \    /  \
// /    \  /    \
ரிலே = 0;
சிவப்பு = 1;

பார்த்தால் என்ன தப்பு? எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஒரு வாரம் ஓடியது. எங்கள் ஊரிலேயே ஒரு தென்னந்தோப்பில் வைத்து சோதித்துக்கொண்டிருந்தோம். மார்ச் மாதம். ஒரு நாள் சாயங்காலம் தோட்டத்துக்காரர் கூப்பிட்டார்: "சிவப்பு லைட் எரியுதுங்க, ஆனா மோட்டார் ஓடிக்கிட்டே இருக்குதுங்க." போய்ச் சேருவதற்குள் காயில் கருகிவிட்டது. 650 அடியிலிருந்து குழாயை ஒவ்வொன்றாகக் கழற்றி மோட்டாரை மேலே எடுக்க ஒரு நாள், காயில் கட்ட மூன்று நாள். தோட்டத்துக்காரர் திட்டவில்லை, மோர் கொடுத்தார். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

பிறகு போர்டை மேஜையில் வைத்து, நிரலை நிறுத்தி நிறுத்திப் பார்க்கும் டிபக்கரில் 'ரிலே = 0;' வரியில் நிற்கச் சொல்லி பிரேக்பாயின்ட் வைத்தேன். அது அங்கே உட்காரவே மாட்டேன் என்று அடுத்த வரிக்குத் தாவியது. எடுத்து வைத்தேன், மறுபடி தாவியது. அப்புறம் கம்பைலர் உருவாக்கிய கட்டளைகளின் பட்டியலான அசெம்பிளி லிஸ்டிங்கைத் திறந்து பார்த்தால் அந்த வரிக்கு ஒரு கட்டளைகூட இல்லை. என் அலையின் கடைசி இறக்கம் \ என்று முடிகிறது. அந்தக் கோடு அடுத்த வரியைப் பிடித்து கமென்டுக்குள் இழுத்துக்கொண்டது. மேலே இருக்கும் இரண்டு வரியும் \ என்றுதான் முடிகின்றன, ஆனால் அவற்றுக்கு அடுத்ததும் கமென்ட் என்பதால் தெரியவில்லை. சிவப்பு விளக்கு வரி ஒன்று தள்ளி இருந்ததால் தப்பித்து, லைட் மட்டும் ஒழுங்காக எரிந்தது.

அந்தக் கம்பைலர் ஒரு எச்சரிக்கைகூடத் தரவில்லை என்று பல நாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உண்மையில் எச்சரிக்கையை அணைத்து வைத்திருந்தது நான்தான்.

நகரி_மைனா · திங்கள், காலை 7:10

தோப்பு அண்ணா, படிக்கும்போதே வயிற்றைப் பிசைந்தது.

ஒரு சந்தேகம். // என்று வந்துவிட்டால் அந்த வரி முழுக்க கமென்ட், கம்பைலர் அதற்குள் பார்க்காது என்றுதானே சொல்லிக்கொடுத்தார்கள்? பார்க்காத இடத்தில் இருக்கும் \ எப்படி வேலை செய்கிறது?

புளியரை_அண்ணாச்சி · காலை 8:45

நல்ல கேள்வி அம்மா. சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது.

சி தரநிலை, ஒரு ஃபைலை எந்த வரிசையில் பதப்படுத்த வேண்டும் என்று எட்டுக் கட்டமாகச் சொல்கிறது. 1989-இல் வந்த முதல் தரநிலையிலேயே 2.1.1.2 என்ற பகுதியில் இருக்கிறது. முதல் கட்டம் எழுத்துகளை அடையாளம் காண்பது. இரண்டாவது கட்டம், \ வரிமுறிவு ஜோடிகளை நீக்கி வரிகளை ஒட்டுவது. மூன்றாவதில்தான் சொல் சொல்லாகப் பிரிப்பதும், கமென்டை எடுத்துவிட்டு ஒரு ஸ்பேஸ் வைப்பதும். மேக்ரோ எல்லாம் நான்காவது. ஆக, ஒட்டும்போது கம்பைலருக்குக் கமென்ட் என்றால் என்னவென்றே தெரியாது. சரம் (மேற்கோள் குறிக்குள் எழுதும் எழுத்துத் தொடர்) தெரியாது, மேக்ரோ தெரியாது. அடுத்த எழுத்து வரிமுறிவா என்பது மட்டும்தான் தெரியும்.

நமக்கு இது புதிதே இல்லை. காலையில் தினத்தாளைப் பிரி. பத்தி ஓரத்தில் இடம் முடிந்தால் 'பாலக்' என்று நிறுத்திவிட்டு, கீழே 'காடு' என்று தொடங்குவார்கள். நடுவில் ஒரு கோடுகூடப் போட மாட்டார்கள். நம் கண் முதலில் ஒட்டிவிட்டு அப்புறம் படிக்கிறது. சி-யும் அப்படித்தான். 'ரிட்\' என்று ஒரு வரியிலும் 'டர்ன்' என்று அடுத்த வரியின் முதல் கட்டத்திலும் எழுதினால் அது ஒரே சொல்தான், தப்பே கிடையாது. ஆனால் அழகுக்காக 'டர்ன்' முன்னால் நாலு ஸ்பேஸ் விட்டாயோ, இரண்டு சொல்லாகிவிடும். தினத்தாளில் 'காடு' தள்ளி அச்சாகியிருந்தால் நாமும்தான் தடுமாறுவோம்.

நான் கல்லூரியில் படித்தது ஃபோர்ட்ரான் 77. அதில் தொடர்ச்சிக் குறியை அடுத்த வரியின் ஆறாவது கட்டத்தில் வைக்க வேண்டும், 19 தொடர்ச்சி வரிக்கு மேல் கூடாது. பழைய பஞ்சாங்கம் என்று சிரிப்பார்கள். ஆனால் குறி வரியின் தலையில் இருப்பதால் கண்ணுக்குத் தெரியும். வாலில் இருக்கும் குறிக்குப் பின்னால் என்ன ஒட்டியிருக்கிறது என்று யார் பார்ப்பது?

சரவெடி_92 · காலை 9:30

> இவர் ஒட்டத்தான் நினைத்திருப்பார் என்று தானே ஒட்டியும் விடும்

ஜிசிசி செய்வதுதான் சரி. கண்ணுக்குத் தெரியாத எழுத்தால் அர்த்தம் மாறுவது என்ன நியாயம்? பைத்தானில்கூட இதே தொல்லைதான், \ பின்னால் ஒரு ஸ்பேஸ் இருந்தால் பிழை. ஷெல் ஸ்கிரிப்ட் இன்னும் மோசம். அந்த ஸ்பேஸையே ஒரு எழுத்தாக எடுத்துக்கொண்டு, அடுத்த வரியைத் தனிக் கட்டளையாக ஓட்டும்.

அரைப்புள்ளி · காலை 10:02

நியாயம் சரி. ஆனால் அதில் ஒரு வினை இருக்கிறது. தோப்பு அண்ணா போட்ட அலைப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விஷயம் தெரிந்த ஒருவர், \ அடுத்த வரியை இழுக்கக் கூடாது என்று வேண்டுமென்றே அதன் பின்னால் ஒரு ஸ்பேஸ் வைக்கிறார். மைக்ரோசாஃப்ட் கம்பைலரில் அது காப்பாற்றும். ஜிசிசி-யிலும் கிளாங் என்ற கம்பைலரிலும் காப்பாற்றாது, ஸ்பேஸைத் தாண்டி ஒட்டிவிடும். ஒரே ஃபைல், ஒரு கம்பைலரில் ரிலே கட் ஆகும், இன்னொன்றில் ஆகாது. இந்தக் குழப்பத்தை ஒழிக்கத்தான் சி++ மொழியின் சி++23 தரநிலையில் விதியையே மாற்றினார்கள். இப்போது பேக்ஸ்லாஷுக்குப் பின்னால் வெற்றிடம் இருந்தாலும் ஒட்டத்தான் வேண்டும். சி மொழியின் சி23 தரநிலை அந்த மாற்றத்தை எடுத்துக்கொள்ளவில்லை, அங்கே இன்னும் பழைய விதிதான்.

ஆகவே இரண்டு பக்கமும் நம்பாதீர்கள். // கமென்டின் கடைசி எழுத்தாக \ வரவே கூடாது. படம் போட ஆசையாக இருந்தால் /* */ உள்ளே போடுங்கள். அங்கே எத்தனை வரி ஒட்டினாலும் கமென்ட் முடியும் இடம் மாறாது. விண்டோஸ் ஃபோல்டர் பெயரை // பின்னால் எழுதுகிறவர்களும் கவனிக்கவும், அதுவும் \ என்று முடியும்.

நகரி_மைனா · மதியம் 1:20

சாப்பாட்டு நேரம். இதைச் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்.

நான் ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். நகரியிலிருந்து ஆபீஸ் பஸ். வீட்டில் தமிழ், பஸ்ஸில் தெலுங்கு, மேலதிகாரிகளோடு உடைந்த ஆங்கிலம். ஜப்பானிலிருந்து வந்த பழைய சி ஃபைல்களைப் புதிய கம்பைலருக்கு மாற்றும் வேலை போன வருஷம் வந்தது. கமென்ட் எல்லாம் ஜப்பானிய மொழி. மாற்றியதும் சில இடத்தில் ஒரு கட்டளை மாயமாகிறது. \ எங்கேயும் இல்லை. சத்தியமாக இல்லை, தேடிப் பார்த்தேன். கூட வேலை பார்க்கும் அக்காதான் கண்டுபிடித்தார். அண்ணாச்சி சொன்ன முதல் கட்டம் இருக்கிறதே, எழுத்தை அடையாளம் காண்பது, அங்கேதான் குழி.

அந்த ஃபைல் ஷிஃப்ட்-ஜிஸ் என்ற பழைய ஜப்பானியக் குறியாக்கம் (எழுத்தை எண்ணாகச் சேமிக்கும் முறை). அதில் பெரும்பாலான ஜப்பானிய எழுத்துக்கு இரண்டு பைட். இரண்டாவது பைட் சில எழுத்துகளுக்கு 92 என்று வரும், உதாரணத்துக்கு கட்டகனா என்ற ஜப்பானிய எழுத்துமுறையில் 'சோ'. ஆங்கில எழுத்துகளுக்கான ஆஸ்கி குறியாக்கத்தில் 92 என்றால் பேக்ஸ்லாஷ்! கமென்ட் 'சோ'வில் முடிந்தால், குறியாக்கம் தெரியாத கம்பைலர் அந்தக் கடைசி பைட்டை \ என்று எடுத்து அடுத்த வரியை விழுங்கிவிடும். மனிதக் கண்ணுக்கு அங்கே பேக்ஸ்லாஷே கிடையாது.

அப்புறம் எனக்கு ஒரு பயம். நானும் தமிழில் கமென்ட் எழுதுகிறவள். 'ஞ'வோ 'ழ'வோ இப்படி எதையாவது விழுங்குமா?

அரைப்புள்ளி · மதியம் 1:48

விழுங்காது, தைரியமாக எழுதுங்கள். யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். மூன்றுமே 128 அல்லது அதற்கு மேல்தான். 92 உள்ளே வர வழியே இல்லை, அந்தக் குறியாக்கத்தை வடிவமைத்ததே அப்படித்தான். டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்தில் ஃபைல் வைத்திருப்பவர்களும் பயப்பட வேண்டாம், அதிலும் தமிழ் மேல் பாதியில்தான் இருக்கிறது. ஆஸ்கி எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் உருவை வைத்த பழைய ஃபான்ட்களில் கமென்ட் எழுதியிருந்தால்தான் ஆபத்து. அதில் திரையில் தெரிவது ஒன்று, ஃபைலில் இருப்பது இன்னொன்று.

92-க்கு இன்னொரு கதையும் உண்டு. ஜப்பானில் அதே எண்ணில் யென் குறியை வைத்தார்கள், ஜெர்மனியில் இரண்டு புள்ளி வைத்த ஓ. பேக்ஸ்லாஷே இல்லாத கீபோர்டுகாரர்களுக்காக சி89 என்ற அந்த 1989 தரநிலையில் ??/ என்று மூன்று எழுத்து அடித்தால் அது \ என்று விதி வைத்தார்கள். "இது ஏன் வேலை செய்கிறது??/" என்று ஒரு கமென்ட் முடிந்தால் அடுத்த வரி போச்சு. சி++17-இலும் சி23-இலும் தூக்கிவிட்டார்கள். ஜிசிசி-யும் கண்டிப்பான தரநிலைப் பயன்முறையில் மட்டும்தான் அதை மதிக்கும்.

சரவெடி_92 · மதியம் 2:05

என் பெயரில் இருக்கும் 92 பிறந்த வருஷம் ஐயா, நான் எந்த வரியையும் விழுங்கவில்லை 😄

சரி, இதைத் தமிழில் என்னவென்று சொல்வது? பின்சாய்வுக்கோடு என்றால் என் மேனேஜர் மூன்று முறை திரும்பக் கேட்கிறார்.

புளியரை_அண்ணாச்சி · மதியம் 2:40

பேக்ஸ்லாஷ் என்றே சொல். நாங்கள் செங்கோட்டைப் பக்கத்துக்காரர்கள். 1956 நவம்பர் வரைக்கும் திருவிதாங்கூர், திருக்கொச்சி என்று இருந்துவிட்டு இந்தப் பக்கம் ஒட்டப்பட்டவர்கள். வீட்டுப் பேச்சில் பாதி மலையாளம் இன்னும் கிடக்கிறது, யாரும் செத்துப்போகவில்லை. ஒட்டுகிற வேலைக்கு மட்டும் 'வரி ஒட்டு' என்று என் பசங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். புரிகிறது.

நகரி_மைனா · மதியம் 2:52

எங்கள் பக்கம் திருத்தணி 1960-இல் ஆந்திராவிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது, நகரி ஒட்டவில்லை. நடுவில் ஸ்பேஸ் இருந்திருக்கும் அண்ணாச்சி.

தோப்பு_வேலந்தாவளம் · மாலை 6:30

😂

கொழிஞ்சை தம்பிக்கு இன்னும் இரண்டு விஷயம். மேக்ரோவுக்குள்ளே கமென்ட் எழுத வேண்டுமென்றால் // போடவே போடாதீங்க. ஒட்டுவது முதலில் நடப்பதால் மேக்ரோ முழுக்க ஒரே வரி. நடுவில் // வந்தால் அதற்குக் கீழே எழுதியதெல்லாம் கமென்ட். டூ-வின் அடைப்பே மூடாது, பிழை வேறெங்கோ போய் வெடிக்கும். /* */ மட்டும்.

அடுத்தது கடைசி வரி. உங்களுடையதில் 'வைல் (0)' பின்னால் \ இல்லை, நல்லது. சில பேர் வரிசையாக அழகாக இருக்கட்டும் என்று கடைசி வரியிலும் போட்டுவிட்டு, கீழே ஒரு காலி வரி விடுவார்கள். காலி வரி இருக்கும்வரை தெரியாது. ஆறு மாதம் கழித்து ஒருவர் வந்து, இது எதற்கு என்று காலி வரியை எடுப்பார். அடுத்த ஃபங்ஷனின் தலை மேக்ரோவுக்குள் போய்விடும்.

அரைப்புள்ளி · மாலை 7:04

நான் இன்னும் ஒரு படி போய்ச் சொல்வேன்: இந்த மேக்ரோவே வேண்டாம். ரிலேயை அணைத்து விளக்கைப் போடுவதற்கு ஒரு ஸ்டேடிக் இன்லைன் ஃபங்ஷன் (அழைக்கும் இடத்திலேயே கம்பைலர் விரித்துவிடக்கூடிய ஃபங்ஷன்) போதும். மேக்ரோ எத்தனை வரி நீளமாக இருந்தாலும் பயன்படுத்தும் இடத்தில் அது ஒரே வரி எண்தான், டிபக்கரில் உள்ளே ஒவ்வொரு வரியாக நகர முடியாது. நீள சரத்துக்கும் \ வேண்டாம். "..." "..." என்று அடுத்தடுத்து எழுதினால் கம்பைலரே சேர்த்துவிடும், இது சி89-லிருந்து இருக்கிறது. சரத்துக்குள் \ போட்டு மடக்கினால் அடுத்த வரியின் முன்னால் இருக்கும் ஸ்பேஸ் எல்லாம் சரத்துக்குள் போய், எல்சிடி-யில் எழுத்து தள்ளித் தள்ளி வரும்.

தோப்பு_வேலந்தாவளம் · மாலை 7:20

இன்லைன் என்பது அவருடைய 8-பிட் கம்பைலருக்குத் தெரியுமா என்று முதலில் கேளுங்க. இன்லைன் சி99 என்ற 1999 தரநிலையில்தான் வந்தது. நான் வேலை பார்த்ததில் பாதி கம்பைலர் அதை வாங்கிக்கொள்ளாது. சீனியர் மேக்ரோ அனுப்பினால் அதற்கு ஒரு காரணம் இருக்கும்.

அரைப்புள்ளி · மாலை 7:26

ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் சாதாரண ஃபங்ஷன். அழைக்கும் நேரம் சில மைக்ரோ செகண்ட்தான், ரிலே விழுவதற்கே பல மில்லி செகண்ட் ஆகும்.

கொழிஞ்சை_பையன் · இரவு 9:15

ஆபீஸில் ஸ்பேஸை அழித்தேன், உடனே ஓடியது! எல்லாருக்கும் நன்றி. கிரெப் என்ற தேடல் கருவியில் '\\  *$' போட்டு மொத்த நிரலையும் தேடினேன். வால் ஸ்பேஸ் இன்னும் ஆறு இடத்தில் இருந்தது. எல்லாம் இப்போது கம்பைல் செய்யாத ஃபைல்களில் என்பதால் இதுவரை வெளியே வரவில்லை. சீனியரிடம் காட்டினேன். வாட்ஸ்அப்பில்தான் எங்கேயோ சேர்ந்திருக்கும் என்றார். எடிட்டரில் சேமிக்கும்போது வரிக்கடைசி ஸ்பேஸை வெட்டும் அமைப்பையும் போட்டுவிட்டோம். பின்னால் வருகிறவர்களுக்காகத் திருத்திய மேக்ரோ:

#டிஃபைன் நிறுத்து() \
    டூ { \
        ரிலே = 0; \
        சிவப்பு = 1; \ 
    } வைல் (0)

புளியரை_அண்ணாச்சி · இரவு 9:31

நாலாவது வரியில் எண்ட் கீயை அழுத்து தம்பி.

கொழிஞ்சை_பையன் · இரவு 9:33

ஐயோ. போன் கீபோர்ட் அண்ணாச்சி!